தலைக்கட்டில் சேராதவர்கள்

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஒரு கழித்தல் கணக்கை எடுத்துக்கொண்டு, இலங்கை அரசு நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னால் போய் நின்றார். 2008 அக்டோபர் தொடக்கத்தில், போர் நடந்த வட இலங்கையின் வன்னிப் பகுதியில் இருந்தவர்கள், கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகங்களின் பதிவேடுகளின்படி, 4,29,059 பேர். போர் முடிந்தபின் 2009 ஜூலை 10 வரையில் அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள், ஐ.நா.வின் கணக்குப்படி, 2,82,380 பேர். கழித்தால் 1,46,679. இவ்வளவு பேருக்கும் என்ன ஆயிற்று என்று கேட்டார். பதிவேட்டில் தவறு இருக்கலாம். கணக்கில் வராமல் வேறு வழியாக வெளியேறியவர்களும் இருக்கலாம். இருந்தால் அதைக் காட்ட வேண்டியது பதிவேடு வைத்திருப்பவர்களின் கடமை. ஆயர் 2021 ஏப்ரல் 1 அன்று காலமானார். அதுவரை அவருக்கு நேரான பதில் வரவில்லை.

பெருங்கொடுமைகளிலிருந்து மக்களைக் காப்பது எப்படி என்று உலகம் பல பத்தாண்டுகளாகப் பேசிவருகிறது. 1948 டிசம்பரில் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கை வந்தது. 2005 செப்டம்பரில் நியூயார்க்கில் கூடிய உலகத் தலைவர்கள், இனப்படுகொலை, போர்க்குற்றம், இனச்சுத்திகரிப்பு, மானிடத்துக்கு எதிரான குற்றம் ஆகிய நான்கிலிருந்தும் தன் குடிகளைக் காக்கும் பொறுப்பு ஒவ்வொரு அரசுக்கும் உண்டு, அது வெளிப்படையாகத் தவறினால் அந்தப் பொறுப்பு உலகத்தின் மேல் விழும் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட நாடுகளில் இலங்கையும் உண்டு, இந்தியாவும் உண்டு. இதைப் பற்றிய விவாதங்களில் இறையாண்மை, வீட்டோ, படை அனுப்புவது என்றுதான் பேச்சு ஓடும். அவை வேண்டிய பேச்சுகள்தாம். ஆனால் 2009 பற்றிய அறிக்கைகளைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது, இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு சாதாரணமான வேலை கிடப்பதாக எனக்குத் தோன்றுகிறது. யார் தலைகளை எண்ணுகிறார்கள், எதற்காக எண்ணுகிறார்கள், எண்ணியதை யாரிடம் சொல்கிறார்கள் என்பதுதான் அது.

எங்கள் பக்கத்தில் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். பணம் சிறிதுதான். ஆனால் வரி நோட்டில் பெயர் இருக்கிறவனுக்கு ஊர்க்கூட்டத்தில் பேச இடம் உண்டு, அவன் வீட்டுச் சாவுக்கு ஊர் வந்து நிற்கும். நோட்டிலிருந்து பெயரை அடித்துவிட்டால் அவன் அதே தெருவில் குடியிருந்தாலும் ஊருக்கு வெளியில்தான். எண்ணப்படுவது என்பது உரிமையும் ஆகலாம், விலங்கும் ஆகலாம். நோட்டு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

*

அம்பாசமுத்திரத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். இந்தப் பள்ளத்தாக்குக்கு இலங்கை ஒருநாளும் அயல்நாடாக இருந்ததில்லை. தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பில் கடை வைத்தவர்களும், கங்காணி பின்னால் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களும் இந்த மாவட்டத்தின் பல ஊர்களில் உண்டு. ஒரு தலைமுறைக்கு விடியற்காலைப் பாட்டு என்றால் இலங்கை வானொலியின் பாட்டு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதன் அறிவிப்பாளர் அப்துல் ஹமீதின் உச்சரிப்பைக் கேட்டுத் தமிழ் பேசப் பழகியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அதனால்தான் 2009இன் முதல் ஐந்து மாதங்களில் அந்தக் கரையிலிருந்து வந்த ஒவ்வொரு எண்ணும் எங்களுக்கு உறவில் விழுந்த எழவாகப் பட்டது.

அந்த எண்களின் கதை 2008 செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டது. வன்னியில் வேலை செய்யும் ஐ.நா. ஊழியர்களின் பாதுகாப்புக்கு இனி உத்தரவாதம் தர முடியாது என்று இலங்கை அரசு சொன்னது. ஐ.நா. கிளிநொச்சி அலுவலகத்தைக் காலி செய்யத் தீர்மானித்தது. செய்தி பரவியதும் மக்கள் அலுவலக வாசலில் வந்து கூடினார்கள். போகாதீர்கள் என்று கெஞ்சினார்கள். அவர்கள் கேட்டது அரிசியும் மருந்தும் மட்டுமல்ல. வெள்ளை வண்டியும் நீலக் கொடியும் கண்ணுக்குத் தெரிகிற வரையில் தங்கள் மேல் விழும் குண்டை வெளியுலகில் யாராவது ஒருவர் எண்ணிக்கொண்டிருப்பார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. செப்டம்பர் நடுவில் வண்டிகள் வவுனியாவை நோக்கிப் போய்விட்டன. ஐ.நா.வின் உள்ளூர்த் தமிழ் ஊழியர்கள் பலர், குடும்பத்தோடு வெளியேற விடுதலைப் புலிகள் அனுமதி தராததால், உள்ளேயே தங்கிப்போனார்கள்.

இதற்கு முன்னாலும் இது நடந்திருக்கிறது. 1994 ஏப்ரல் 11 அன்று ருவாண்டாவின் கிகாலி நகரில் ஒரு தொழிற்கல்விப் பள்ளியில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். காவலுக்கு ஐ.நா. கொடியின் கீழ் பெல்ஜிய வீரர்கள் நின்றார்கள். வீரர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் உத்தரவு வந்தது. மக்கள் வண்டிகளுக்கு முன்னால் விழுந்து தடுத்தும் வண்டிகள் போயின. கொலைகாரர்கள் வாசலிலேயே காத்திருந்தார்கள். மறுவருடம் ஜூலையில், ஐ.நா.வே பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்திருந்த, பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில், டச்சு வீரர்கள் இருக்கும்போதே எட்டாயிரம் ஆண்களும் சிறுவர்களும் பிரித்துக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். காக்கும் பொறுப்பு என்ற கொள்கையே இந்த இரண்டு பாவங்களின் மேல்தான் எழுந்தது. அது எழுந்து மூன்று வருடங்களுக்குள் கிளிநொச்சி வாசல் வந்தது.

*

2009 ஜனவரியில் இலங்கை இராணுவம் முதல் பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. உணவு லாரிகளோடு உள்ளே போய்ச் சிக்கிக்கொண்ட ஐ.நா. குழு ஒன்று சுதந்திரபுரம் சந்திக்கு அருகில், அந்த வலயத்துக்குள், ஒரு மையத்தை அமைத்தது. இடத்தின் ஆயத்தொலைவுகள் இராணுவத்துக்குக் கொடுக்கப்பட்டன. வெளிநாட்டவர் இருக்கிறார்கள் என்று மக்களும் வந்து அதைச் சுற்றிக் கூடாரம் போட்டார்கள். ஜனவரி 24 விடிவதற்கு முன்னால் ஷெல்கள் விழத் தொடங்கின. பதுங்குகுழிக்குள்ளிருந்து ஐ.நா. அதிகாரிகள் வவுனியாவுக்கும் கொழும்புக்கும் தொலைபேசியில் கத்தினார்கள், நிறுத்தச் சொல்லுங்கள் என்று. வெளிச்சம் வந்து வெளியே வந்தபோது அவர்களைச் சுற்றிச் சிதறிக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் படம் எடுத்தார்கள். இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் என்று குறித்துக்கொண்டார்கள். ஆகவே உலகத்துக்குத் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதே ஒரு போர்க்களமாக இருந்தது. முல்லைத்தீவின் அரசு அதிகாரிகள் மூன்று லட்சத்துக்கும் மேல் என்று கணக்கு அனுப்பினார்கள். கொழும்பு எழுபதாயிரம், எண்பதாயிரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. தலை குறைந்தால் அனுப்ப வேண்டிய மாவும் பருப்பும் குறையும், மயக்க மருந்தும் இரத்தப் பைகளும் குறையும். கூடுதலான கணக்கைச் சொன்ன அதிகாரிக்கு அது ஆதாரமற்றது, ஒழுங்கு நடவடிக்கை வரும் என்று எச்சரிக்கை போனதை ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு தன் 2011 அறிக்கையில் பதிவு செய்திருக்கிறது. ஏப்ரல் கடைசியில் பத்தாயிரம் பேர்தான் மிச்சம் என்றது அரசு. அதற்குப் பிறகு வெளியே வந்தவர்கள் மட்டுமே ஒரு லட்சத்தைத் தாண்டுவார்கள்.

புலிகளும் அந்த மக்களைத் தங்கள் கணக்கில்தான் வைத்திருந்தார்கள். வெளியேற முயன்றவர்களைத் தடுத்தார்கள், சுட்டார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று பிடித்துப்போனது கடைசி மாதங்களில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் வரை இறங்கியது. மக்கள் நடுவிலிருந்து பீரங்கி சுட்டார்கள். தமிழ்நாட்டில் இதைச் சொல்லாமல், போர் முடிந்த இடமான முள்ளிவாய்க்காலைப் பேசுகிற பழக்கம் இருக்கிறது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு நாம் செய்யும் அநியாயம் அது. இரண்டு பக்கமும் சேர்ந்துதான் அவர்களை அந்தச் சிறு மணல்திட்டில் நிறுத்தின.

கொழும்பிலிருந்த ஐ.நா. அலுவலகத்தில் ஒரு சிறு குழு, உள்ளே மாட்டிக்கொண்ட தங்கள் ஊழியர்கள், மருத்துவர்கள், பாதிரியார்கள் மூலம் இறந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு சாவைப் பல வழிகளில் உறுதி செய்த பிறகே சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்தும் 2009 மே 13 வரையில் 7,721 பேர். உறுதி செய்ய முடியாமல் விட்டவை அதற்கு மேல். தூதரகங்களுக்கு இந்த எண்கள் காட்டப்பட்டன. உலகத்துக்குச் சொல்லப்படவில்லை. சொன்னால் அரசு கோபித்துக்கொள்ளும், உள்ளே போகும் கொஞ்சநஞ்ச உதவியும் நிற்கும் என்பது காரணம். விதிவிலக்காக ஒருவர் இருந்தார். ஐ.நா. மனித உரிமை ஆணையர் நவி பிள்ளை, டர்பனுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழிவந்தவர், 2009 மார்ச் 13 அன்று 2,800க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று வெளிப்படையாக அறிவித்தார். அறிவிக்க வேண்டாம் என்று ஐ.நா.வுக்குள்ளிருந்தே அவருக்குச் சொல்லப்பட்டது.

பாதுகாப்பு அவை இலங்கையை ஒருமுறைகூடத் தன் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கவில்லை. முறைசாராத பேச்சு என்று கட்டடத்தின் அடித்தளத்தில் ஓர் அறையில் கூடிக் கலைந்தார்கள். சென்னையில் ஜனவரி 29 அன்று முத்துக்குமார் என்ற இளைஞர், போரை நிறுத்தக் கேட்டு, சாஸ்திரி பவன் முன்னால் தன் உடம்புக்குத் தீ வைத்துக்கொண்டார். ஏப்ரல் 27 அன்று முதல்வர் கருணாநிதி அண்ணா சமாதியில் உண்ணாவிரதம் இருந்து, கனரக ஆயுதங்களை நிறுத்துகிறோம் என்ற கொழும்பின் அறிவிப்பை நம்பிச் சில மணி நேரத்தில் முடித்தார். ஷெல்கள் நிற்கவில்லை. மே 9 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் காயம்பட்டவர்களைக் கடைசியாக ஏற்றிப் போனது. மே 18, 19இல் எல்லாம் முடிந்தது. மே 27 அன்று ஜெனிவாவில் மனித உரிமை அவை கூடி இலங்கைக்கு ஆதரவான தீர்மானம் ஒன்றை 29க்கு 12 என்று நிறைவேற்றியது. இந்தியாவின் கை அந்த 29இல் இருந்தது.

நாற்பதாயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்றது நிபுணர் குழு. 2012 நவம்பரில் சார்லஸ் பெட்ரி தலைமையிலான ஐ.நா.வின் உள்விசாரணை, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கணக்கில் இல்லை என்றது. ஐ.நா. அமைப்பே தோற்றது என்று அது எழுதிவைத்தது. வஞ்சகம் என்று அது சொல்லவில்லை. அனுமதி போய்விடுமே என்று உண்மையை விட்டுக்கொடுக்கும் வழக்கம் ஊறிப்போயிருந்தது என்றது. எனக்கு அதுதான் கூடுதலாகப் பயம் தருகிறது. நல்ல எண்ணம் கொண்ட, நன்கு படித்த மனிதர்கள், கையில் சரியான எண்ணை வைத்துக்கொண்டு, அதைச் சொல்லாமலிருப்பதே மக்களுக்கு நல்லது என்று தங்களைத் தாங்களே நம்பவைத்துக்கொண்டார்கள்.

*

எங்கள் தாமிரபரணி ஆற்றுக்கும் ஒரு எண் உண்டு. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தங்கள் ஆட்களை விடுவிக்கக் கேட்டும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். அம்பாசமுத்திரம் வட்டத்து மலையில் கொழுந்து கிள்ளியவர்கள். கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. ஓட வழியில்லாமல் ஆற்றில் இறங்கினார்கள். 17 பேர் செத்தார்கள். பெண்களும் ஒரு குழந்தையும் அதில் சேர்த்தி. பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று நீதிபதி மோகன் ஆணையம் சொன்னது. எது அவர்களை நீருக்குள் தள்ளியது என்ற கேள்வி கரையிலேயே நின்றுவிட்டது. இதை முள்ளிவாய்க்காலுக்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன். அளவும் வேறு, தன்மையும் வேறு. ஆனால் கம்பு பிடித்த கையே கணக்கும் எழுதினால் அந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்பதை இந்தப் பள்ளத்தாக்கு தன் தண்ணீரிலேயே கண்டது. ஒவ்வொரு ஜூலை 23க்கும் மக்கள் ஆற்றில் பூப்போட வருவதால்தான் அந்த 17 இன்னும் 17ஆக நிற்கிறது.

ஆகவே கணக்கு, பாதிக்கப்பட்டவர்கள் கையிலும் அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் கையிலும் இருக்க வேண்டும். இது நடக்கக்கூடியது என்பதற்கு ஸ்ரெப்ரெனிட்சாவே சாட்சி. காணாமல்போனோருக்கான சர்வதேச ஆணையம் உறவினர்களின் இரத்தத்தையும் புதைகுழி எலும்பையும் மரபணு மூலம் பொருத்தி, ஏறத்தாழ ஏழாயிரம் பேருக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. இலங்கையில் அந்த வேலை மண்வெட்டி அளவிலேயே நிற்கிறது. 2025இல் யாழ்ப்பாணம் செம்மணியில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஒரு குழந்தையின் எலும்புகளோடு நீலநிறப் புத்தகப் பை ஒன்றும் கிடைத்தது. யுனிசெஃப் கொடுத்த பை. உலகம் அந்தப் பிள்ளையை ஒருகாலத்தில் எண்ணியிருக்கிறது, பள்ளிக்கூடம் போக ஒரு பை கொடுக்கும் அளவுக்கு. பிறகு அந்தப் பிள்ளை எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பிப்ரவரியிலிருந்து சாலையோரப் பந்தலில் படங்களோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார் கேட்டுக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான்.

ஜெனிவா முற்றிலும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 2021 மார்ச் தீர்மானத்துக்குப் பிறகு, மனித உரிமை ஆணையர் அலுவலகம் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கிறது. ஒருநாள் ஏதோவொரு நாட்டின் நீதிமன்றத்தில் அவை பேசும். இந்தியா 2012இலும் 2013இலும் இலங்கைக்கு எதிராக வாக்களித்தது, 2014இலும் 2021இலும் 2022இலும் விலகி நின்றது. ஒவ்வொரு மார்ச் மாதமும் தமிழ்நாட்டில் அறிக்கைகள் பறக்கின்றன. பறக்கட்டும். ஆனால் ஜெனிவாவைப் பார்த்துப் பேசுகிறவர்கள் நம் ஊர்ச் சாலையையும் பார்க்க வேண்டும்.

*

அம்பாசமுத்திரத்திலிருந்து கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை தாண்டித் திருநெல்வேலிக்குப் போகும் வழியில் கோபாலசமுத்திரத்தில் ஒரு முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இத்தகைய முகாம்கள் நூற்றுக்கு மேல். 1983 முதல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் தாண்டி வந்தார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் முகாம்களில் வாழ்கிறார்கள். 2021 ஆகஸ்டில் மாநில அரசு 317.40 கோடி ரூபாயில் திட்டங்களை அறிவித்தது. ஒழுகும் கொட்டகைகளுக்குப் பதிலாகப் பல முகாம்களில் ஓட்டை இல்லாத வீடுகள் எழுந்தன. அரசு மாதாமாதம் தரும் பணக்கொடை கூடியது. நன்றியோடு சொல்ல வேண்டியவை இவை.

இந்த மக்களை எண்ணுவதில் யாரும் குறை வைக்கவில்லை. முகாமுக்கு வருவாய்த் துறையினரும் கியூ பிரிவு போலீசாரும் வந்து பெயரைக் கூப்பிட்டுத் தலைகளைச் சரிபார்ப்பார்கள். முகாம்காரர்கள் இதைச் செக்கிங் என்கிறார்கள். அன்றைக்கு வெளியூரில் பெயிண்ட் அடிக்கப் போனவரும் கூலியை விட்டு வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பணக்கொடை நிற்கும். வன்னியில் மூன்று லட்சம் பேரை எழுபதாயிரமாகக் குறைத்த உலகத்தில், இங்கே ஒரு தலை தவறாமல் கணக்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறாது. முகாமில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, பொறியியல் பட்டம் வாங்கிய பிள்ளை வெளிநாட்டவர்தான். 1987 ஜூலை 1க்கு முன்னால் இங்கே பிறந்தவர்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதற்குப் பிறகு பிறந்தவருக்குத் தாயோ தந்தையோ இந்தியராக இருக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முன்னால் பிறந்த ஒரு பெண், உயர்நீதிமன்றம் வரை போராடி, 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சி முகாம் ஒன்றிலிருந்து வாக்களித்தார். அந்த முகாமில் அவரோடு வளர்ந்த, சில வருடம் இளையவர்களுக்கு அந்த வழி இல்லை.

2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளை எண்ணியது. இலங்கையை விட்டுவிட்டது. 2025 மே 19 அன்று, முள்ளிவாய்க்கால் நினைவு நாளுக்கு மறுநாள், இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், எங்கிருந்து வருகிறவர்களுக்கும் இடம் கொடுக்க இந்தியா தர்ம சத்திரமா என்று உச்ச நீதிமன்ற அமர்வு கேட்டது. அதே வருடம் செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்கியது. அது ஒரு படி. குற்றவாளி இல்லை என்று சொல்லியாயிற்று, குடிமகன் என்று சொல்ல வேண்டியது பாக்கி.

முகாம்களில் இருப்பவர்களில் கணிசமான பகுதியினர் மலையகத் தமிழர், இந்திய வம்சாவளியினர். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. பங்கீடு முடியுமுன் கலவரம் வந்தது, கப்பல் நின்றது, பங்கில் விழாதவர்கள் படகேறி வந்தார்கள். இப்படிப்பட்ட 65 பேரின் மனுவில், இவர்களைச் சட்டவிரோதமாக வந்தவர்கள் என்ற சொல்லால் தள்ளிவிடக் கூடாது, குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். அவர்களில் பலரின் பூட்டனும் பூட்டியும் இந்தத் தென்மாவட்டங்களிலிருந்து போனவர்கள்.

காக்கும் பொறுப்பு என்று உலகம் எழுதிக்கொண்டது குண்டு விழும்போது மட்டும் செய்ய வேண்டிய காரியம் என்று நினைத்துவிடுகிறோம். தப்பி வந்தவருக்கு ஒரு நாடு கிடைக்கும்வரை அந்தப் பொறுப்பு தீராது. 2009இல் நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று சொல்லலாம். டெல்லி கேட்கவில்லை, பாதுகாப்பு அவை கூடவில்லை, வீட்டோ குறுக்கே நின்றது. கோபாலசமுத்திரத்து முகாமுக்கும் நமக்கும் இடையில் எந்த வீட்டோவும் இல்லை. படை வேண்டாம், தீர்மானம் வேண்டாம், அயல்நாட்டின் அனுமதி வேண்டாம். நாடாளுமன்றத்தில் ஒரு சட்டத் திருத்தம் வேண்டும். முள்ளிவாய்க்காலின் பெயரால் வாக்குக் கேட்டுப் போன ஒவ்வொரு உறுப்பினரும் அதைக் கேட்க வேண்டும். அவர்கள் கேட்கும்வரை அவர்களைக் கேட்க வேண்டியது, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள நாம்.